வெறும் நாற்காலி, பதினொரு விநாடி

தம்பி,

நீ அனுப்பிய படிவம் நாலு நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் ஊறுகாய்ப் போத்தலை வைத்திருக்கிறேன். அப்பா ஒவ்வொரு நாளும் பஸ் ஓட்டிவிட்டு வந்து, போத்தலைத் தூக்கி, கையெழுத்து விழவில்லை என்று கண்டு, போத்தலைத் திரும்ப வைத்துவிட்டுக் கைகழுவப் போகிறார். அந்தப் படிவத்தில் நான் கையெழுத்து வைத்து வெள்ளிக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்காவிட்டால், நீ எடுத்த படம் அந்தத் திரைப்பட விழாவில் காட்டப்படமாட்டாது. படத்தில் தெரிவது என் முகம், கேட்பது என் குரல்; இரண்டையும் ஊருக்குக் காட்ட எனக்குச் சம்மதம் என்று நான் எழுதித் தரவேண்டுமாம். உன்னைப் பெற்றபோதுகூட இத்தனை தாளில் என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். நீ இருக்கிற ஃபாரஸ்ட் கேட் என்ன கனடாவா, எங்கள் கிங்ஸ்பரியிலிருந்து இரண்டு ரயில் மாறினால் உன் கதவைத் தட்டலாம். ஆனால் போனில் நான் பகிடிவிட்டுத் தப்பிவிடுவேன், அது உனக்கும் தெரியும். அதோடு அந்தப் படமெடுக்கிற படிப்புப் படித்த நாளிலிருந்து நீ மனிதர் பேசுவதைக் கேட்பதில்லை, சத்தம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறாய். ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உனக்குக் கிடைத்த தமிழ், எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க உதவும். நல்லது. எனக்கு வெட்கமான இடங்களை நீ பாய்ந்து போகாமல் ஒவ்வொன்றாகத்தான் தாண்டவேண்டும்.

நீ கணக்கியல் படிப்பை ஒரு வருடத்தோடு விட்டுவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, "அம்மா, நான் திரும்பிப் போகேல்லை. இஞ்ச பக்கத்துக் கொலிஜில டிஜிட்டல் படமெடுக்கிற கோர்ஸ் இருக்கு, இரண்டு வருசம், சேர்ந்திட்டன்" என்று சொன்ன பின்னேரம் உனக்கு நினைவிருக்கும். நான் கேட்ட முதல் கேள்வியும் நினைவிருக்கும். ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. "ஆருக்கும் சொல்லிப்போட்டியோ?" என்றுதான் கேட்டேன். இல்லை என்றாய். எனக்கு உயிர் வந்தது. உனக்கு ஒரு காலத்தில் பிள்ளை பிறந்து, அதுவும் இப்படி ஒரு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தால், வேறு எந்தக் கேள்வியையாவது முதலில் கேள். என்ன கேள்வி என்று என்னிடம் கேட்காதே, எனக்கு இன்னும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பிரசாதமாகத் தரும் சர்க்கரைப் புக்கைக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற மனுசி கேட்டுவிட்டா, "மகன் இப்ப என்ன செய்யிறார்?" யார் என்று சொல்லமாட்டேன். அவவின் மேல்வரிசையில் நாலு பல் வைத்தது என்றும் சொல்லமாட்டேன். என்னை மாதிரிப் பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் இருக்கிறவள் வாயைத் திறக்கக்கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிவிட்டார்கள். அன்று ரயிலில் வரும்போது தலைக்கு மேலே ஒரு விளம்பரம் பார்த்திருந்தேன். அதில் இருந்ததை அப்படியே சொன்னேன், "சைபர் செக்யூரிட்டி." அவ கண்ணை விரித்து, "ஐயோ நல்லது, இப்ப உதுக்குத்தானே மவுசு" என்றா. நான் புக்கையைச் சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைக் குப்பையில் போடுவதற்குள், வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த இன்னொருவர் வந்து என் கையைப் பிடித்து, மகனுக்கு வங்கியில் வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொன்னார். வேலை தந்தது நான் இல்லை. எங்கள் சனம் தாராளமானது.

அந்தப் பொய் மாமி இருக்கிற சட்டன்வரைக்கும் போய்ச் சேர ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. தைப்பொங்கலுக்கு மாமி வீட்டுக்குப் போனோமே, சாப்பிட்டு முடிந்ததும் மாமா லப்டொப்பைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, நீர்தானே உந்தச் சைபர் படிக்கிறீர். இதுக்குள்ள என்னவோ பூந்திட்டுது. ஒருக்காப் பாரும்." நீ என்னைப் பார்த்தாய். எனக்கு அந்த நேரம் பார்த்து வடையில் உள்ள உழுந்தை ஆராயவேண்டிய அவசரம் வந்துவிட்டது. நீ ஒரு மணித்தியாலம் அதன் முன்னால் இருந்து, திறந்து கிடந்ததையெல்லாம் மூடி, கடைசியில் அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாய். "சரி மாமா, இனிப் பிரச்சினை வராது." மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீரே, படிப்பெண்டா இது" என்றார். அப்பா அன்று இரண்டாம் முறை பாயாசம் வாங்கினார். வாயை நிரப்பி வைத்திருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை அல்லவா.

மாமியை ஏமாற்ற ஏலாது. என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. "இஞ்ச பாரும். அவன் நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போட்டதை நான் பாத்தனான். உதுக்கு ஒரு படிப்போ? என்னெண்டு சொல்லும்." சொன்னேன். இருபத்தைந்து வருடமாக, அப்பாவோடு கூடப்பிறந்த இந்த மச்சாள் என் சமையலில் உப்புப் பார்க்கிறவ, என் சேலையில் விலை பார்க்கிறவ, இனி உன்னையும் வைத்து என்னைக் காலம் முழுக்கக் குத்தப்போகிறா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "ஓ, படமோ" என்றா. அவ்வளவுதான். மிஞ்சின சம்பலைப் பெட்டியில் போட்டு மூடித் தந்தா. அந்த "ஓ" எனக்குத் தாங்கவில்லை. இரக்கப்படுகிறா என்று நினைத்துக்கொண்டு, "நாங்கள் விட்டுப் பிடிக்கிறம் மச்சாள். ஆறு மாசத்தில களைச்சுப்போய்த் திரும்பி வருவான்" என்று அவசரமாகச் சொல்லிவைத்தேன். திரும்பி வரும் ரயிலில் நீ சொன்னது ஒன்றே ஒன்று. "அம்மா, எனக்குத் தெரிஞ்ச ஒண்டையாவது சொல்லியிருக்கலாம். மாமா இனிப் பிரிண்டரையும் வந்து பாக்கட்டாம்." உன் வாழ்க்கைக்கு என் அறிவுரை இதுதான், ராசா: பொய் சொல்வதென்றால் மற்றவன் உட்கார்ந்து செய்துகாட்டக்கூடிய பொய்யாகச் சொல்.

நீ களைக்கவில்லை. நாங்கள்தான் களைத்தோம். முதல் மாதம் கேத்திலில் தண்ணீர் கொதிப்பதை ஒரு நிமிடம் படமெடுக்கவேண்டும் என்று வகுப்பில் சொன்னார்களாம். அப்பாவின் தேநீருக்காக வைத்த தண்ணீரை ஒன்பது தரம் கொதிக்கவைத்தாய். பிறகு நான் கதவைத் திறந்து உள்ளே வருவதை எடுத்தாய். வெளியே நிற்கும்போது நீலக் கார்டிகன், உள்ளே வரும்போது பச்சை. இடையில் எனக்குக் குளிர்ந்தது, மாற்றினேன், அதற்கு ஏன் தலையில் கைவைத்தாய் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. உன் வகுப்பில் இருந்த அந்த ஓய்வுபெற்ற பிளம்பர் ஒரு சனிக்கிழமை வந்து, எங்கள் விறாந்தையில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது கேளாமலே குசினிக் குழாயின் ஒழுக்கையும் நிறுத்திவிட்டுப் போனார். அந்தப் படிப்பால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் நன்மை என்று அப்பாவிடம் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அப்போதும் மைக் உன் கையில்தான் இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு விசித்திரமாக இருந்தது நீ எங்கள் மௌனத்தைப் பதிவுசெய்ததுதான். ஒவ்வொரு அறையிலும் ஒருவரும் பேசாமல் அரை நிமிடம் நிற்கவேண்டும் என்றாய். ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று ஒரு சும்மா இருக்கும் சத்தம் உண்டு, பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளியை அடைக்க அது வேண்டும் என்றாய். நான் மூன்று தரம் குழப்பினேன். நாலாம் தரம் அப்பா என் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். இந்த வீட்டின் சும்மா இருக்கும் சத்தம் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் வாய் மூடி இருந்ததில்லையே, எப்படிக் கேட்டிருப்பேன்.

பிறகு கடைசி வருடத்துப் படம். என்னைத்தான் எடுக்கப்போகிறாய் என்றபோது வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளே தலைமயிருக்கு மை பூச நாள் பார்த்தேன். படம் இதுதான்: அம்மாவின் ஐந்து குரல்கள். வைத்தியசாலை மேசையில் "குட் மோர்னிங்" சொல்லும் குரல், கவுன்சிலோடு குப்பைத்தொட்டிக்குச் சண்டைபிடிக்கும் குரல், கோயிலில் எல்லோரிடமும் சுகம் கேட்கும் குரல், கனடாப் பெரியம்மாவோடு போனில் அழுவதா சிரிப்பதா என்று தெரியாத குரல், உன்னைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். யன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டாய். என் கொலரில் கடுகளவு மைக்கைக் கொழுவி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினாய். மூன்றாவது குரல் முடிந்தபோது என் போன் அடித்தது. மாமி. "ஒரு நிமிசம்" என்று எழும்பி, மேலே படுக்கையறைக்குப் போய், கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திக் கதைத்தேன். கதவு, மாடி, தாழ்ந்த குரல் எல்லாவற்றையும் யோசித்தேன். இடுப்புப் பெட்டியை யோசிக்கவில்லை. கீழே நீ ஹெட்ஃபோனோடு இருந்தாய்.

நீ கேட்டது இதுதான். "மச்சாள், அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எங்கட பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். உந்தப் படிப்பில தோத்து விட்டிட்டு வந்தானெண்டா ஐம்பத்தொரு தேங்காய் உடைக்கிறனெண்டு." பிறகு கொஞ்ச நேரம் நான் பேசாமல் இருந்தது கேட்டிருக்கும். பிறகு, "தோத்தாத்தானே மச்சாள் திரும்பி வருவான்." பிறகு இன்னும் கொஞ்ச நேரம் சும்மா. போனின் மற்றப் பக்கம் உன் மைக்கில் விழுந்திராது. அதை நான்தான் உனக்குத் தரவேண்டும். முதல் இடைவெளியில் மாமி சொன்னது: "உமக்கென்ன விசரே? பெத்த தாய் பிள்ளை தோக்கவேணுமெண்டு நேருவாளோ?" இரண்டாவது இடைவெளியில் சொன்னது: "திரும்பி வாறதோ? அவன் எங்கை போனவன்? கீழ உம்மட ஹோலுக்கதானே நிக்கிறான்." அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

நான் கீழே வந்தபோது நீ ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கமெராவையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பற்றறி மாத்தவேணும் அம்மா" என்றாய். என் இடுப்பில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய். "ஓகே, இனிப் பெரியம்மாவோட கதைக்கிறது" என்றாய். நானும் உட்கார்ந்து பெரியம்மாவோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தேன். வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், அன்று எடுத்ததில் அதுதான் திறமாக வந்தது.

அன்றிலிருந்து அந்தப் படம் காட்டும் நாள்வரை எனக்கு நித்திரை இல்லை என்று எழுத ஆசை, ஆனால் நான் நன்றாகத்தான் நித்திரை கொண்டேன். அப்பாவைக் கேள், குறட்டையைப் பற்றி அவர் தனிப்படம் எடுப்பார். விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் பயந்தேன். கொலிஜில் அந்த நீள அறையில், பிளாஸ்டிக் கதிரையில், ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அழைப்பில்லாமல் சட்டனிலிருந்து வந்து சேர்ந்த மாமி. மூன்றாம் குரல் முடிந்தது. போன் அடிக்கும் சத்தம். நான் எழும்பிப் போகிறேன். இப்போது வரும், இப்போது ஐம்பத்தொரு தேங்காயும் என் தலையில் உடையும் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். வரவில்லை. யன்னல், வெறும் நாற்காலி, அதன் முதுகில் என் கார்டிகன். பேச்சுச் சத்தமேயில்லை. எண்ணினேன், பதினொரு விநாடி. பிறகு நான் திரும்பி வந்து உட்கார்கிறேன். வெட்டிவிட்டாய். அந்த இடத்தில் நீ வைத்தது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் முனகல். மற்றவர்களுக்கு அது மௌனம், எனக்குத் தெரியும் அது எந்த நாள் எடுத்தது என்று, அப்பாவின் கை என் வாயில் இருந்த நாள். பின்னால் யாரோ இருமினார்கள். மாமி என் விலாவில் இடித்து, "உதில நீர் எங்கை போனீர்?" என்றா. "பாத்ரூமுக்கு" என்றேன். உன் வாத்தியார் பிறகு எழும்பி, அந்த மௌனம் மிகத் துணிச்சலானது என்று சொன்னார். நீ குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினாய்.

அதைப் பற்றி நீ இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படிப்பு முடிந்தது, ஃபாரஸ்ட் கேட்டில் அந்தச் சின்ன எடிட் கொம்பனியில் வேலை கிடைத்தது, பக்கத்திலேயே அறையும் எடுத்து இரண்டு பெட்டியோடு போனாய். போகும்போது "அம்மா, வாறன்" என்றாய். இருபத்திமூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளும் போகிறதுதான். ஆனால் எனக்கு மட்டும், நீ திரும்பி வரும்படி நான் நேர்ந்ததால்தான் போனாயோ என்று ஒரு யோசனை.

ஏன் அப்படி நேர்ந்தேன் என்று நீ கேட்டால், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சுற்றியிருந்த எல்லோரும் ஏதோ ஒரு படிப்பைப் பிடித்து, அல்லது பிள்ளைகளின் படிப்பைப் பிடித்துத்தான் கரையேறினார்கள். படமெடுத்துக் கரையேறியவர் யாரையும் நான் காணவில்லை. பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்தியவீட்டுக்கு வீடியோ எடுக்கிறவரைத் தவிர. அவருக்குக் கிங்ஸ்பரியிலேயே எங்களைவிடப் பெரிய வீடு இருக்கிறது என்பதை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

இனிப் படிவம். ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கியாயிற்று. கையெழுத்து வைத்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வருகிறது. கீழே வேறு நிபந்தனைகள் என்று ஒரு வெற்றுக்கோடு இருந்தது. அதில் எழுதியிருக்கிறேன்: நான் மேலே போய்க் கதைத்த குரலைத் திரும்பப் போடவேண்டும். அந்தப் பதினொரு விநாடி சரியில்லை, ராசா. உன் வாத்தியார் என்ன சொன்னாலும் சனம் இருமுகிறது. என்னைக் காப்பாற்ற ஒரு நல்ல படத்தில் ஓட்டை போட்டிருக்கிறாய். ஐந்து குரலும் நான் காட்ட விரும்பிய குரல்கள், உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் கமெராவுக்காகக் கொஞ்சம் இனிப்பாக்கினதுதான். நடிக்காமல் பேசியது அந்த ஆறாவது குரலில் மட்டும். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுத்துப் போடும்போது எனக்காக மெதுவாக்காதே. தோற்கவேண்டும் என்று சொன்னேன், அப்படியே போடு. கோயில் சனம் பார்த்தால் பார்க்கட்டும். அவர்களின் பற்களைப் பற்றி நான் இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை.

மாமியின் பெயரும் அதில் அடிபடும் என்பதால் கையெழுத்து வைத்த கையோடு அவவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மைக், பச்சை வெளிச்சம், பாத்ரூம் பொய், எல்லாம்.

"அப்ப பிள்ளை கேட்டவனே?" என்றா.

"கேட்டவன்."

"கேட்டும் படிச்சு முடிச்சவன்."

"ஓம் மச்சாள்."

"சரி, அப்ப நானும் ஒண்டு சொல்லட்டே? நீர் அண்டைக்குப் போனை வைச்ச கையோட நான் இஞ்சத்தைப் பிள்ளையாரிட்டைப் போனனான். அவன் படிச்சு முடிச்சானெண்டா நூற்றியெட்டுத் தேங்காய் எண்டு நேந்தனான். போன மாசம் உடைச்சாச்சு. அறுபது தேங்காய்க்குப் பிறகு எனக்கு ஏலாமப் போச்சுது, மிச்சம் மாமாதான் உடைச்சவர். இன்னும் தோள் நோகுதெண்டு திரியிறார்."

"ஏன் மச்சாள் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் போய் இருநூறு எண்டு நேந்திருப்பீர்."

சத்தியமாக, நேர்ந்திருப்பேன். உப்பு, சேலை, எல்லாவற்றிலும் என்னை வென்ற மனுசி, என் பிள்ளைக்காக என்னையே இரண்டு மடங்கால் வென்றிருக்கிறா. போனை வைத்துவிட்டு மேசையில் இருந்தேன். அப்பா வந்து கையெழுத்தைப் பார்த்தார், பேனையை மூடி வைத்தார், "சாப்பிடுவம்" என்றார்.

விழாவில் காட்டும் நாளுக்கு மாமிக்கும் மாமாவுக்கும் முன்வரிசையில் இடம் பிடித்து வை. நாங்கள் பின்னால் இருக்கிறோம். அதற்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டனுக்குப் போய் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வா. நன்றி சொல்லப்போய் அசடு வழியாதே, அந்த வீட்டில் அது வழக்கமில்லை. மாமாவின் பிரிண்டர் இன்னும் சரிவரவில்லையாம். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக் கொடு.

அம்மா